அறையை விட்டுட்டு கேபிளை மாத்துற கனவான்களுக்கு

டிஸ்கி: நீளமான பதிவு. அவசரத்துல இருக்கறவங்க கடைசியில இருக்கற பட்டியலை மட்டும் படிச்சுட்டு நேரா திட்ட ஆரம்பிக்கலாம். ஒரு டூவீலர் விலைக்கு ஸ்பீக்கர் கேபிள் வாங்கினவங்க ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுட்டு மேலே படிக்கவும்.

லட்சக்கணக்கில் கொட்டி வீட்டில் ஆடியோ சிஸ்டம் வைத்திருக்கிற ரெண்டு பேர் சந்தித்தால், முதல் கேள்வி "என்ன பாட்டு கேட்டீங்க?" இல்லை. "அடுத்து என்ன அப்கிரேட்?" என்பதுதான். பதிலும் ஏறக்குறைய மனப்பாடம். முதல்ல டாக்கை மாத்து. (தெரியாதவங்களுக்கு: டிஜிட்டல் எண்களை மின் சிக்னலா மாத்துற பெட்டி. இனிமே டாக்.) அப்புறம் ஆம்ப்ளிஃபயர். அப்புறம் கேபிள். அப்புறம் பவர் கார்டு. அதுக்கும் அப்புறம் பெட்டிக்குக் கீழே வைக்கிற ஸ்பெஷல் குமிழ். ஸ்பீக்கர் மட்டும் "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு அப்படியே நிற்கும். இத்தனையும் உட்கார்ந்திருக்கிற அறை? அதைப் பத்தி மூச்.

நான் சொல்ல வர்றது இதுதான்: இந்த வரிசை தலைகீழ். சத்தம் எங்கே அதிகமா கெடுதோ அங்கேதான் முதல் காசு போகணும். அது அறையில் கெடுது. அடுத்து ஸ்பீக்கரில். அதுக்கு ரொம்ப ரொம்பப் பின்னாடி ஆம்ப். டாக்கும் கேபிளும் கண்ணுக்கெட்டாத தூரத்துல. காசு மட்டும் எதிர்த்திசையில ஓடுது. சொந்த செலவில் சூனியம்னு நம்மாளுங்க சும்மாவா சொன்னாங்க?

ஒரு நிஜ உதாரணத்தோட ஆரம்பிப்போம். போரூர் பக்கம் ஒரு நண்பர். பேர் போடாம எழுதிக்கோன்னு அனுமதி கொடுத்துட்டார். ஸ்பீக்கர் நாலு லட்சம், ஆம்ப் மூணு லட்சம், டாக் ஒண்ணரை லட்சம், கேபிள் வகையறா எண்பதாயிரம். எல்லாம் சேர்ந்து இருப்பது பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையில். தரை பளபளன்னு விட்ரிஃபைடு டைல்ஸ். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ஒரு ஸ்பீக்கர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ரயில்ல அன்ரிசர்வ்டுல போறவர் மாதிரி நசுங்கி நிற்குது. இன்னொண்ணு திறந்த வெளியில். சோபா பின் சுவரோட ஒட்டி.

அவர் குறை ரெண்டு. "பாஸ் கொழகொழன்னு இருக்கு. வால்யூம் ஏத்தினா குரல் காதைக் குத்துது." கடைக்காரர் சொன்ன வைத்தியம்: டாக்கை மாத்துங்க சார், ரெண்டே முக்கால் லட்சம், பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு.

அடப்பாவிகளா!

அந்த அறையில் என்ன நடக்குதுன்னு ஸ்கூல் பிசிக்ஸ்லயே பார்க்கலாம். நம்ம ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு சுமார் 1145 அடி போகும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் பாதி அலைநீளம் கச்சிதமாகப் பொருந்துகிற அதிர்வெண்ணில் அறை தானே ஊஞ்சல் ஆட ஆரம்பிக்கும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 1145ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 48 ஹெர்ட்ஸ். பத்து அடி அகலத்துக்கு சுமார் 57. சென்னை ஃப்ளாட்டுகளில் கூரை உயரமும் பத்து அடியை ஒட்டித்தான் இருக்கு. ஆக அதே 57ல ரெண்டாவது ஊஞ்சல். ரெண்டும் சேர்ந்து ஆடினா கேட்கணுமா?

இப்ப ஒரு பேஸ் கிடாரை எடுத்துக்கங்க. அடி கம்பி ஈ, 41 ஹெர்ட்ஸ். அதே கம்பியில் மூணாவது ஃப்ரெட் ஜி, 49. அடுத்த கம்பி ஏ, 55. அதுல முதல் ஃப்ரெட் பி ஃப்ளாட், 58. மேலே வந்த 48, 57 ரெண்டையும் இதோட பொருத்திப் பாருங்க. ஜி வந்தா வயிறு குலுங்கும். பி ஃப்ளாட் வந்தா ஜன்னல் குலுங்கும். ஈ வந்தா ஆளையே காணோம். இளையராஜாவோட எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் துணை போறதில்லை, தனியா ஒரு மெட்டே பாடிட்டுப் போகும். அதுக்காகத்தானே நம்மில் பாதிப் பேர் இந்தப் பொழப்புக்கே வந்தோம்? அந்த மெட்டை இந்த அறை நாலு ஸ்வரத்தைத் தின்னுட்டு, ரெண்டு ஸ்வரத்தை ஊதிப் பெருக்கிக் கொடுக்குது. அதைத்தான் நண்பர் கொழகொழங்கறார். ரெண்டே முக்கால் லட்சத்து டாக் அந்த 48ஐயும் 57ஐயும் ஒரு ஹெர்ட்ஸ்கூட நகர்த்தாது. சுவர் இருக்கற இடத்துலதானே இருக்கு?

இன்னொரு சங்கதி. நாம விழுந்து விழுந்து படிக்கிற ஆடியோ பத்திரிகைகள் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து சரக்கு. அமெரிக்க வீட்டு உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைஞ்ச ஜிப்சம் பலகை. அது பாஸ் சத்தத்துக்குக் கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துத் தானே உறிஞ்சிக்கும், மிச்சத்தை வெளியே விட்டுடும். தரையில கார்பெட். நம்ம வீடு செங்கல், கான்கிரீட், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ். பாஸ் எங்கேயும் தப்பிச்சுப் போக முடியாது. உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். அவங்க அறையை வச்சு அவங்க எழுதின அப்கிரேட் வரிசையை நாம வேப்பேரியிலயும் வேளச்சேரியிலயும் அப்படியே கடைப்பிடிச்சா எப்படி?

அறையைக் குணப்படுத்தறது ஏதோ புதுசா வந்த ஃபேஷன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் மியூசியம்னு புதுசா கட்டின கட்டடம். அதன் லெக்சர் ஹாலில் பேசினா ஒண்ணும் புரியலை. ஒரு வார்த்தை சொன்னா அஞ்சரை நொடி காத்துலயே மிதந்துட்டு இருந்துச்சு. வாலஸ் சாபின் என்ற இளம் பிசிக்ஸ் ஆசிரியர்கிட்ட வேலையைக் கொடுத்தாங்க. அவர் பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து சீட் குஷன்களை ராத்திரி ராத்திரியா தூக்கிட்டு வந்து, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எதிரொலி எவ்வளவு குறையுதுன்னு அளந்தார். இன்னிக்கு உலகம் முழுக்கக் கச்சேரி அரங்கம் கட்டப் பயன்படற கணக்கு அந்தக் குஷன்லேருந்து பிறந்தது. ஆச்சு, 130 வருஷம். நாம இன்னும் பவர் கார்டுக்குக் கீழே மரக்கட்டை வச்சுட்டு இருக்கோம்.

நண்பர் வீட்டு ரெண்டாவது குறைக்கும் இதுதான் பதில். காதைக் குத்தறது டாக் இல்லை, டைல்ஸும் கண்ணாடியும். அறை நடுவில் நின்னு ஒரு தடவை கை தட்டினா 'டிங்'ன்னு ஒரு வால் நீண்டு போகும். அந்த வால் ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலயும் ஒட்டிக்குது.

என்ன செஞ்சோம்? முதல் நாள் சல்லிக்காசு செலவில்லை. பீரோவை ஹாலுக்குத் தள்ளினோம் (அவர் தங்கமணியோட பேச்சுவார்த்தை ரெண்டு சுற்று நடந்தது, அது தனிப் பதிவு). ரெண்டு ஸ்பீக்கரையும் சம தூரத்தில் வச்சோம். சோபாவைப் பின் சுவரிலிருந்து நாலரை அடி முன்னே இழுத்தோம். சுவரோட சாய்ஞ்சு உட்கார்ந்தா அந்த 48 உச்சத்துல கேட்கும். அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தா அதே 48 காணாமலே போகும். ரெண்டுக்கும் நடுவில், நீளத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்டி உட்கார்ந்தா கொஞ்சம் நியாயம் கிடைக்கும்.

அடுத்த வாரம் ஜன்னலுக்குக் கனமான திரை. மூலைகளுக்கு ராக்வூல். தொழிற்சாலைகளில் வெப்பம் தடுக்கப் பயன்படுத்துவாங்களே, அந்தப் பலகைதான். ஆறு அங்குலம் தடிமனா அடுக்கி, ஆசாரியை வச்சு மரச்சட்டம் போட்டு, துணி சுத்தி நிறுத்தினோம். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள்ள. அளவு மைக் வச்சுப் பார்த்தப்ப 48ல இருந்த 14 டெசிபல் மேடு 8க்கு இறங்கியிருந்தது. மிச்சத்தை ஈக்வலைசர் வச்சு வெட்டினோம். அவர் டாக் வாங்கலை. "இந்தப் பாட்டுல பேஸ் இப்படியா போகுது!"ன்னு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணார். கடைக்காரர் என் மேல செம காண்டுல இருக்கறதா கேள்வி :-)

இங்கே ஒரு எச்சரிக்கை. முட்டை அட்டையை ஒட்டாதீங்க. ஒண்ணும் ஆகாது. ஆன்லைன்ல வர்ற ஒரு அங்குல ஃபோமும் பாஸுக்கு உதவாது. 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 23 அடி, அது ஒரு அங்குல ஃபோமைக் கண்டா பயப்படுமா? அந்த ஃபோம் மேல்சத்தத்தை மட்டும் தின்னுட்டு பாஸை அப்படியே விட்டுடும், அறை முன்னைவிட மந்தமா இருக்கும். பவானி ஜமக்காளம் தரைக்கு அழகு, ஆனா மெல்லிசு. வீட்டுல இலவம்பஞ்சு மெத்தை பழசு கிடந்தா மூலையில நிறுத்திப் பாருங்க. நடுச்சத்தத்துக்கு நல்லாவே கேட்கும்.

சரி, இந்தத் தலைகீழ் வரிசை எங்கிருந்து வந்துச்சு? அதுக்கும் ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் லின் கம்பெனியை ஆரம்பிச்ச ஐவர் டீஃபென்ப்ரன், எல்பி12ன்னு ஒரு டர்ன்டேபிள் விற்றார். "எல்லாம் ஆரம்பிக்கற இடம்தான் முக்கியம். தட்டிலிருந்து எடுக்காத தகவலை எந்த ஸ்பீக்கராலும் திருப்பித் தர முடியாது" என்பது அவர் கட்சி. அன்னிக்கு எல்லாரும் ஸ்பீக்கர்தான் எல்லாம்னு சொல்லிட்டு இருந்தப்ப இது ஒரு புரட்சி. அந்தக் காலத்துக்கு அதில் உண்மையும் இருந்தது. டர்ன்டேபிள் ஒரு மெக்கானிக்கல் சமாச்சாரம். மோட்டார் உறுமும், வேகம் ஏறி இறங்கும், முள் ஒழுங்கா உட்காராது. மோசமான டர்ன்டேபிளுக்கும் நல்லதுக்கும் நிஜமாவே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இன்னிக்கும் எல்பி கேட்கறவங்களுக்கு அது செல்லும்.

ஆனா 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தாச்சு. தகவலை எடுக்கிற வேலை முள்ளுகிட்டேருந்து எண்களுக்குக் கைமாறியாச்சு. எண்களைச் சரியா எடுக்கறது இன்னிக்கு மலிவு. ஆனா கோஷம் மட்டும் சாகலை. டர்ன்டேபிள் இருந்த நாற்காலியில டாக்கைத் தூக்கி உட்கார வச்சு அதே மந்திரத்தை ஓதறாங்க. கோயில் அதே, மூலவர் மட்டும் மாறிட்டார்.

கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். ஒரு கருவி, தான் வாங்கின சிக்னலை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு கூட்டியோ குறைச்சோ கொடுக்குதுன்னு வச்சுக்குவோம்:

கவனிக்கப்படாத சின்ன அறை, பாஸ் பகுதியில்: 10 முதல் 15 டெசிபல் வரைக்கும் மேடு பள்ளம்.
நல்ல ஸ்பீக்கர்: மேலும் கீழும் 3 டெசிபல்.
ஒழுங்கான ட்ரான்சிஸ்டர் ஆம்ப்: அரை டெசிபலுக்கும் குறைவு.
ஒழுங்கான டாக்: 0.1 டெசிபலை ஒட்டி.

டிஸ்டார்ஷன், அதாவது மூலத்தில் இல்லாததைச் சேர்க்கறது, அதுலயும் இதே கதைதான். நல்ல ஸ்பீக்கரையே 50 ஹெர்ட்ஸில் சத்தமா வச்சா 1 சதவீதம், அதுக்கு மேலயும் சேர்க்கும். சுமாரான விலை டாக் 0.001 சதவீதத்தை ஒட்டி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். கூரையில ஓட்டையை விட்டுட்டு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பீங்களா?

இன்னும் ஒண்ணு. அந்த டாக்கோட விளம்பரத்துல "120 டெசிபல் டைனமிக் ரேஞ்ச்"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். நம்ம ஊர்ல மே மாசம் ஃபேன் இல்லாம யார் பாட்டு கேட்கறாங்க? என் அறையில் ஃபேன் மூணுல ஓடும்போது மைக்கில் 45 டெசிபலுக்குக் கீழே இறங்கினதே இல்லை. அதுக்கு மேலே ஏசி, தெருவில் தண்ணி லாரி, கீழ் வீட்டு மிக்ஸி. பாட்டோட உச்சம் 95 டெசிபல்னு வச்சுக்கிட்டா, ஃபேனுக்கும் அதுக்கும் நடுவில் 50தான். சாதாரண சிடியே 96 கொடுக்குது. மீதி 120ஐ எங்கே வைக்கப் போறீங்க, லாக்கர்லயா? ரெண்டு லட்சத்து டாக்குக்கு முன்னாடி சத்தம் போடாத ஃபேன் வாங்கறது உண்மையான ஹை-எண்ட் அப்கிரேட். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருவோம். "ஸ்பீக்கர் ருசி ஆளாளுக்கு மாறும், சார்"ங்கறது கடைக்காரங்களோட இன்னொரு பாட்டு. ஃப்ளாய்ட் டூல் என்பவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் 1980களில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வச்சுப் பல பேரைக் கேட்க வச்சார். பிராண்டு தெரியாது, விலை தெரியாது. ருசி மாறவே இல்லை. நேரா வர்ற சத்தம் சமமா இருந்து, பக்கவாட்டுல போற சத்தமும் மேடு பள்ளமில்லாம சீரா இருக்கிற ஸ்பீக்கர்களையே பெரும்பாலானவங்க தேர்ந்தெடுத்தாங்க. பக்கவாட்டுச் சத்தம் ஏன் முக்கியம்? அதுதான் சுவரில் பட்டு உங்க காதுக்கு வருது. ஸ்பீக்கரும் அறையும் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடி. தனித்தனியா ஜாதகம் பார்க்க முடியாது.

ஆம்ப்ளிஃபயர்? அதுக்கு ஒரு வேலை உண்டு. உங்க ஸ்பீக்கருக்கு வேணுங்கற பவரை மூச்சு வாங்காம கொடுக்கணும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனா கிடைக்கறது வெறும் 3 டெசிபல். ஆனா 84 டெசிபல் சென்சிடிவிட்டி ஸ்பீக்கருக்குப் பதிலா 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினா, அதே சத்தத்துக்குக் கால்வாசி பவர் போதும். அதனாலதான் ஸ்பீக்கரை முடிவு பண்ணாம ஆம்ப் வாங்கறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்கற மாதிரி. ட்யூப் ஆம்ப் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். பல ட்யூப் ஆம்ப்கள் ஸ்பீக்கரோட சேர்ந்து நிஜமாவே சத்தத்தை மாத்தும். ஒத்துக்கறேன். 3 ஓமுக்கு இறங்கற முரட்டு ஸ்பீக்கர் சின்ன ஆம்பை முழி பிதுங்க வைக்கும். அதையும் ஒத்துக்கறேன். ரெண்டுமே "ஸ்பீக்கரைப் பார்த்து ஆம்ப் வாங்கு"ங்கற என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுது.

கேபிள். ஆங், வந்துட்டேன். எலக்ட்ரிகல் கடையில கிடைக்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், மூணு மீட்டர். போக வர ஆறு மீட்டர். மொத்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.05 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால இழக்கறது 0.05 டெசிபல். நீங்க தலையை ரெண்டு அங்குலம் திருப்பினா அதைவிட அதிகமா மாறும். பவர் கார்டு இன்னும் காமெடி. எங்கேயோ அனல்மின் நிலையத்தில் உற்பத்தியாகி, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில் வந்து, தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர்ல காக்கா உட்கார்ந்து, உங்க வீட்டு மீட்டரைத் தாண்டி, சுவருக்குள்ள சாதா வயர்ல ஓடி வர்ற கரண்ட், கடைசி ஒண்ணரை மீட்டர்ல மட்டும் ஞானஸ்நானம் வாங்கிக்குமா? அந்தக் காசுல வீட்டு எர்த்திங்கைச் சரி பண்ணுங்க. நிறைய வீட்டுல ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்ம்' உறுமலுக்குக் காரணம் கிரவுண்ட் கோளாறு. அதோட, எர்த்திங் உயிரையும் காப்பாத்தும்.

இந்த இடத்துல வழக்கமா ஒருத்தர் எழுந்து, "உனக்குக் காது இல்லை. எனக்குக் கேட்குதே!"ன்னு சொல்வார். அய்யா, உங்களுக்குக் கேட்குதுங்கறதை நான் மறுக்கலை. காதுக்குள்ள கேட்குதா, மூளைக்குள்ள கேட்குதான்னுதான் கேள்வி. அதே டூலும் ஷான் ஆலிவும் 1994ல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களுக்குத் திரை போட்டப்ப ஒரு மார்க், பார்த்துக்கிட்டே கேட்டப்ப வேற மார்க் கொடுத்தாங்க. அவங்க யாரோ வழிப்போக்கர்கள் இல்லை, ஹார்மன் கம்பெனி ஊழியர்கள். ஸ்பீக்கர் செய்யறவங்களுக்கே கண்ணு காதை ஏமாத்துதுன்னா நாம எம்மாத்திரம்?

2007ல் மேயர், மோரான்னு ரெண்டு பேர், ஹை-ரெசொல்யூஷன் டிஸ்க் ஒலிக்கும் வழியில் சிடி தரத்துக்கு இறக்கித் திரும்ப அனலாக்காக்கும் ஒரு கருவியைச் செருகி, "இருக்கா, இல்லையா சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. 554 தடவையில் 276 சரி. பூவா தலையா போட்டாலும் அதேதான் வரும். அதில் சில டிஸ்க்குகள் நிஜமான ஹை-ரெசொல்யூஷனே இல்லைன்னு ஒரு விமர்சனம் உண்டு, நியாயமானது. சரி, அதை விடுங்க. 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டார். வித்தியாசம் கேட்குதுன்னுதான் முடிவு சொன்னார். எவ்வளவு? 52.3 சதவீதம் சரியான விடை. நல்லாப் பயிற்சி பெற்றவங்க கணிசமாவே மேல. அதாவது எதிர்க்கட்சிக்குச் சாதகமான ஆராய்ச்சியே மொத்தத்துல பூவா தலையாவைவிட 2.3தான் அதிகம்ங்குது. அந்த 2.3க்கு ரெண்டு லட்சமும், 14 டெசிபல் மேட்டுக்கு பூஜ்யமுமா செலவு பண்ணுவீங்க?

அப்புறம் ஏன் இந்த வரிசை சாகமாட்டேங்குது? ரொம்ப சிம்பிள். சோபாவை நாலரை அடி இழுத்தா யாருக்கும் கமிஷன் கிடையாது. கேபிளைப் பெட்டியில போட்டு கூரியர்ல அனுப்பலாம், அறையை அனுப்ப முடியாது. விமர்சகருக்கு மாசம் ஒரு புது டாக் எழுதக் கிடைக்கும், ஆனா "இந்த மாசமும் மூலையில ராக்வூல் வைங்க"ன்னு எத்தனை மாசம் எழுதறது? நமக்கும் அது வசதி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கார்டு நம்பரைத் தட்டினா அப்கிரேட் முடிஞ்சுது. பீரோவை நகர்த்தணும்னா வீட்டுல பேசணும். அதுக்கு தைரியம் வேணும் :-)

"வாடகை வீடு, ஆணிகூட அடிக்க விடமாட்டார் ஹவுஸ் ஓனர்" என்பவர்களுக்கு: நியாயம்தான். ஆனா ஸ்பீக்கரை நகர்த்த, சோபாவை இழுக்க, திரை தொங்கவிட, சும்மா சாய்ச்சு நிறுத்தற பலகை வைக்க ஆணி வேண்டாம். ஆர்இடபிள்யூங்கற அளவு மென்பொருள் இலவசம். அளவு மைக் நூறு டாலர் பக்கம். வீடு மாறினா ரெண்டும் உங்களோடவே வரும்.

என் வரிசை இதுதான்:

1. பாட்டோட நல்ல நகல். யாரோ பாஸை ஏத்தி, சத்தத்தை நசுக்கிப் போட்ட நகலை எந்த சிஸ்டமும் காப்பாத்தாது. டீஃபென்ப்ரன் சொன்னதுல இன்னிக்கும் மிச்சமிருக்கிற உண்மை இது ஒண்ணுதான்.
2. ஸ்பீக்கரும் ஆளும் உட்காருகிற இடம். செலவு: முதுகுவலி.
3. அறை. மூலைகளில் தடிமனான ராக்வூல், ஜன்னலுக்குத் திரை, பக்கச்சுவரில் முதல் எதிரொலி விழற இடத்தில் ஒரு பலகை அல்லது நிறைஞ்ச புத்தக அலமாரி. சத்தமில்லாத ஃபேன்.
4. ஸ்பீக்கர். மிச்சக் காசில் பாதிக்கு மேல் இதுக்கே. அறைக்கு ஏத்த சைஸ். பத்து அடி அறைக்கு ஆள் உயர ஸ்பீக்கர் வேண்டாம் சாமி.
5. மைக், ஈக்வலைசர். முடிஞ்சா ஒண்ணு, ரெண்டு சப்வூஃபர். பாஸை அறைக்கு நல்லது எதுவோ அங்கே வச்சுக்கலாம்.
6. ஆம்ப், ஸ்பீக்கர் கேட்கிற அளவுக்கு.
7. டாக். இப்ப இருக்கறது இரையாம, உறுமாம, வேணுங்கற சாக்கெட்டோட வேலை செய்யுதா? விட்டுடுங்க.
8. கேபிள். அறுந்தா மாத்துங்க.

கடைசியா ஒண்ணு. எனக்குக் கோபம் பணக்காரங்க காசைக் கரைக்கறதுல இல்லை. அவங்க காசு, அவங்க சந்தோஷம். கல்லூரி முடிச்சு முதல் சம்பளத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் ஜோடி வாங்கி, ஆசையா "எப்படி இருக்கு அண்ணே?"ன்னு கேட்கற பையன்கிட்ட, "டாக் என்ன? கேபிள் என்ன? இதெல்லாம் வச்சு டீடெயில் வராதுப்பா"ன்னு சொல்றீங்களே, அதுலதான் கோபம். அவன் அதுக்கப்புறம் பாட்டைக் கேட்கறதில்லை. குறையைக் கேட்கிறான். ஈஎம்ஐ போட்டு டாக் வாங்கறான். அறை அப்படியே இருக்கு, குறையும் அப்படியே இருக்கு. அடுத்த ஈஎம்ஐ. மூணு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் பாதி விலைக்கு வித்துட்டு "எனக்கு இதெல்லாம் சரிப்படாது"ன்னு போயிடறான். அப்படிப் போனவங்க நாலு பேரை எனக்குத் தெரியும். நல்லாப் பாட்டு கேட்டவங்க.

அந்தப் பையன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை, "ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வை தம்பி"ன்னு சொல்லியிருக்கலாம். ஓசிதானே?

இவ்வளவு படிச்சப்புறமும் கேபிள்தான் வாங்குவேன்னா தாராளமா வாங்குங்க. வாங்கினதும் ஒரு வேலை. வீட்டுல ஒருத்தரை விட்டு உங்களுக்குத் தெரியாம பழசையும் புதுசையும் மாத்தி மாத்திச் செருகச் சொல்லி, இருபது தடவை எதுன்னு எழுதி வைங்க. பதினஞ்சுக்கு மேல சரின்னா இங்கேயே வந்து சொல்லுங்க, பெரிய எழுத்துல தனிப் பதிவு போடறேன். பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. கும்மலாம். ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க.

பி.கு: "எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?"னு கேட்கறவங்க, முதல்ல அறையோட நீளம், அகலம், உயரம், தரை என்ன, சோபா எங்கே, அஞ்சையும் எழுதுங்க. அதில்லாம கேட்டா பதில் கிடையாது.